தோற்றவரின் தர்மம்

ஒரு நாட்டின் அதிபர் தேர்தலில் ஒருவர் வெல்கிறார். எதிர்த்து நின்றவர் தோற்கிறார். செய்தித்தாள்கள் இந்த இருவரைப் பற்றியே எழுதுகின்றன. ஆனால் அன்று தோற்பவர் ஒருவர் மட்டுமல்லர். அவருக்கு வாக்களித்த ஒவ்வொருவரும் தோற்கிறார்கள். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு ஆல் கோருக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் பேர். 2020-இல் டொனால்டு டிரம்புக்கு வாக்களித்துத் தோல்வி கண்டவர்கள் 7 கோடியே 40 இலட்சத்துக்கும் அதிகம். 2024-இல் அதே டிரம்ப் வென்றபோது, கமலா ஹாரிஸுக்கு வாக்களித்து ஏமாற்றமடைந்தவர்கள் ஏறத்தாழ 7 கோடியே 50 இலட்சம் பேர்.

முடிவு வெளியான மறுநாள் காலை இவர்கள் என்ன செய்ய வேண்டும்?

சட்டத்தின் விடை எளிது: முடிவு செல்லும், வென்றவர் பதவி ஏற்பார். ஆனால் சட்டம் மனிதனின் செயலைக் கட்டுப்படுத்துமே தவிர, மனத்தைக் கட்டுப்படுத்தாது. ‘இவர் இப்பதவிக்குத் தகுதியற்றவர், இவரால் நாட்டுக்குக் கேடு விளையும்’ என்று மனச்சாட்சியோடு நம்பி எதிர்த்து வாக்களித்த ஒருவர், மறுநாள் அவரையே ‘என் நாட்டின் அதிபர்’ என்று எப்படி ஏற்றுக்கொள்வது? ஏற்றுக்கொண்டால், நேற்றைய நம்பிக்கை பொய்யாகிவிடாதா? ஏற்க மறுத்தால், தேர்தலில் பங்குகொண்டதே பொய்யாகிவிடாதா? நாணயமான மனிதனைத்தான் இந்தக் கேள்வி வாட்டும். நம்பிக்கை எதுவும் இல்லாதவனுக்கு இதில் சிக்கலே இல்லை.

வோல்ஹைம் காட்டிய முடிச்சு

இந்தச் சிக்கலை இருபதாம் நூற்றாண்டில் கூர்மையாக எடுத்துக் காட்டியவர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ரிச்சர்ட் வோல்ஹைம். 1962-இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் மக்களாட்சியை ஓர் இயந்திரமாகக் கற்பனை செய்தார். குடிமக்கள் ஒவ்வொருவரும் தத்தம் தேர்வை அதனுள் இடுகிறார்கள். இயந்திரம் அவற்றைக் கூட்டிப் பார்த்து, ஒரு தேர்வை வெளியே தருகிறது.

இப்போது ஒரு குடிமகன், ‘அ என்பவரே ஆட்சிக்கு வர வேண்டும்’ என்று கருதி வாக்களிக்கிறான். இயந்திரம் ‘ஆ’ என்பவரைத் தருகிறது. மக்களாட்சியில் பற்றுள்ள அந்தக் குடிமகன், ‘ஆ என்பவரே ஆட்சிக்கு வர வேண்டும்’ என்றும் இப்போது கருதியாக வேண்டும். ஆனால் அவனது முந்தைய கருத்து மாறிவிடவில்லை. ஆகவே ஒன்றுக்கொன்று முரணான இரு தீர்ப்புகளை அவன் ஒரே மனத்தில் சுமக்கிறான். வோல்ஹைம் இதை மக்களாட்சிக் கோட்பாட்டில் உள்ள ஒரு முரண்புதிர் என்றார்.

தத்துவ மாணவர்கள் இதைத் தர்க்கப் பயிற்சியாகக் கொள்வதுண்டு. ஆனால் தேர்தலில் தான் விரும்பிய வேட்பாளர் தோற்றதைக் கண்டு உறக்கமின்றி இரவைக் கழித்த எந்தக் குடிமகனுக்கும் இது வெறும் ஏட்டுப் புதிர் அன்று.

பொருந்தாத மூன்று விடைகள்

இம்முடிச்சை அவிழ்க்க மூன்று விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. மூன்றுமே நிறைவளிப்பவையாக இல்லை.

முதல் விடை ரூசோவினுடையது. 1762-இல் வெளிவந்த ‘சமுதாய ஒப்பந்தம்’ என்ற நூலில் அவர் இக்கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். வாக்கெடுப்பில் என் கருத்து தோற்றால், பொது விருப்பம் எது என்பதை நான் தவறாகக் கணித்துவிட்டேன் என்பதே அதன் பொருள் என்கிறார். அதாவது, தோற்றவர் தம் பிழையை உணர்ந்து திருந்திக்கொள்ள வேண்டும்! இது தோற்றவரின் அறிவையே காணிக்கையாகக் கேட்கிறது. உண்மை எண்ணிக்கையால் தீர்மானிக்கப்படுவதில்லை. அமெரிக்காவில் அடிமைமுறையைக் காத்து நின்ற அதிபர்கள் பலர் முறையான தேர்தல்களில் வென்றவர்களே. அடிமைமுறை பாவம் என்று கூறிய சிறுபான்மையினர் அத்தேர்தல்களில் தோற்றார்கள் என்பதால், அவர்கள் கூறியது தவறாகிவிடவில்லை.

இரண்டாம் விடை வலிமையைப் பற்றியது. ஒரு சமுதாயம் ஓருடல் போன்றது. பெரும்பான்மை என்னும் மிகுந்த விசை இழுக்கும் திசையிலேயே அது நகர முடியும் என்று ஜான் லாக் எழுதினார். நடைமுறையில் இது சரியே. ஆனால் ‘அவர்கள் அதிகம் பேர், எதிர்த்துப் பயனில்லை’ என்பது மட்டுமே ஏற்றலுக்குக் காரணமானால், அந்த ஏற்றல் அச்சத்தின் மறுபெயர். அச்சம் நீங்கிய நாளில், ஆள்பலம் சேர்ந்த நாளில், அதுவும் நீங்கிவிடும்.

மூன்றாம் விடை ஆன்மிக நாட்டம் உடையவர்களிடையே அதிகம் காணப்படுவது. ‘யார் ஆண்டால் என்ன? எல்லாம் மாயை, எவர் வந்தாலும் நம் வேலையை நாம் பார்ப்போம்’ என்பது அது. கேட்பதற்கு இது வைராக்கியம் போலத் தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் வேலையும் மருத்துவமும் குழந்தைகளின் கல்வியும் ஆட்சியாளரின் முடிவுகளைச் சார்ந்திருக்கும்போது, ‘யார் வந்தால் என்ன’ என்பது பிறர் துன்பத்தில் அக்கறை இன்மையே. கீதையில் வெற்றி தோல்விகளைச் சமமாகக் கருதும்படி அர்ஜுனனுக்குக் கூறப்பட்ட இடம் போர்க்களம். அவனைச் செயலில் ஈடுபடுத்துவதற்கே அந்த உபதேசம் பயன்பட்டது. சமநிலை என்பது அக்கறை இன்மை அன்று. முழு அக்கறையுடன் செயல்பட்டு, பயன் வேறாக அமையும்போதும் நிலைகுலையாமல் இருப்பது.

முன்னரே தந்த சொல்

அப்படியானால் தோற்றவரின் ஏற்றலுக்கு அடிப்படை எது?

இரு சகோதரர்கள் தந்தையின் நிலத்தைப் பிரித்துக்கொள்ள முடியாமல் வழக்காடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவராக ஏற்று, அவர் சொல்லும்படி நடப்பதாக இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். கிணற்றடி நிலம் தனக்கே உரியது என்று தம்பி உறுதியாக நம்புகிறான். பெரியவரோ அதை அண்ணனுக்குக் கொடுக்கிறார். இப்போது தம்பி தன் நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டுமா? தேவையில்லை. பெரியவர் தவறிழைத்துவிட்டார் என்று அவன் தொடர்ந்து எண்ணலாம். ஆனாலும் நிலத்தை விட்டுக் கொடுக்கிறான். தீர்ப்பு சரியானது என்பதற்காக அவன் அதைச் செய்யவில்லை. தீர்ப்பு எதுவாக இருக்கும் என்று தெரியாதபோது சொல் கொடுத்தான், அதற்காகச் செய்கிறான்.

தேர்தலும் இத்தகையதே. வோல்ஹைம் காட்டிய இரு தீர்ப்புகளும் ஒரே கேள்விக்கான விடைகள் அல்ல. ‘யார் சிறந்தவர்?’ என்ற கேள்விக்கு என் விடை மாறவில்லை. ‘நம்மிடையே கருத்து வேறுபட்டால் யார் ஆள்வது என்பதை எப்படி முடிவு செய்வது?’ என்பது வேறு கேள்வி. அதற்கு நான் வாக்குச்சாவடிக்குச் சென்றபோதே விடை சொல்லிவிட்டேன். முதலாவது என் கருத்து. இரண்டாவது என் சொல். கருத்து தோற்றுப்போகலாம், ஆனால் சொல்லைக் காப்பது என் கையில்தான் இருக்கிறது.

‘நான் எந்தச் சொல்லும் தரவில்லையே, வாக்குச்சீட்டில் முத்திரையிட்டதோடு சரி’ என்று ஒருவர் வாதிடலாம். அவர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: என் வேட்பாளர் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் வென்றிருந்தால், எதிர்த்தரப்பினர் அம்முடிவை ஏற்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருப்பேனா? ஆம் எனில், அந்த எதிர்பார்ப்பே அவர் தந்த சொல். வென்றால் மட்டும் செல்லும், தோற்றால் செல்லாது என்ற மனத்துடன் ஆட்டத்தில் இறங்குபவரை எந்த ஊரிலும் நேர்மையானவர் என்று சொல்வதில்லை.

பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ இதே உண்மையை மிகக் கடினமான ஒரு சூழ்நிலையில் வைத்துப் பேசுகிறது. கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரின் நடுவர் குழு வாக்கெடுப்பு நடத்தி, சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. தப்பிச் செல்ல நண்பர் கிரிட்டோ ஏற்பாடு செய்தும் அவர் மறுத்தார். எழுபது ஆண்டுகள் இந்நகரில் இதன் சட்டங்களின் பயனைத் துய்த்து வாழ்ந்ததே ஓர் ஒப்பந்தம். தீர்ப்பு எனக்கு எதிராக வந்ததும் அதை முறிப்பது முறையா என்பது அவரது வாதம். தீர்ப்பு நியாயமானது என்று சாக்ரடீஸ் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கருத்தை விட்டுக்கொடுக்காமலே சொல்லைக் காக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

36 நாட்கள்

2000-ஆம் ஆண்டு நவம்பர் 7-இல் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தல் இதை நம் காலத்தில் சோதித்துப் பார்த்தது. நாடு முழுவதும் எண்ணப்பட்ட வாக்குகளில் ஆல் கோர், ஜார்ஜ் புஷ்ஷைவிட 5 இலட்சத்து 43 ஆயிரத்துக்கும் அதிகமாகப் பெற்றிருந்தார். ஆனால் அந்நாட்டில் அதிபரை முடிவு செய்வது மாநிலவாரியாக அமையும் தேர்வாளர்களின் வாக்குகள். எல்லாம் ஃபுளோரிடா மாநிலத்தைப் பொறுத்து நின்றது. அங்கே பதிவான ஏறத்தாழ 60 இலட்சம் வாக்குகளில் புஷ் 537 வாக்குகள் மட்டுமே அதிகம் பெற்றதாக முடிவு சான்றளிக்கப்பட்டது.

கோர் உடனே பணிந்துவிடவில்லை. மறுநாள் விடியற்காலையில் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டவர், வேறுபாடு மிகக் குறைவு என்று தெரிந்ததும் மீண்டும் அழைத்து அதைத் திரும்பப் பெற்றார். மறுஎண்ணிக்கை கோரினார். துளையிடும் வாக்குச்சீட்டுகளில் சரியாகத் துளை விழாதவற்றைக் கையால் எண்ண வேண்டும் என்று வழக்காடினார். மாநில உச்சநீதிமன்றம் அதற்கு ஆணையிட்டது. நாட்டின் உச்சநீதிமன்றம் டிசம்பர் 12-ஆம் நாள், ஐந்துக்கு நான்கு என்ற நீதிபதிகளின் கணக்கில், அந்த எண்ணிக்கையை முடிவுக்குக் கொண்டுவந்தது.

மறுநாள் இரவு கோர் நாட்டு மக்களிடம் பேசினார். நீதிமன்றத்தின் தீர்ப்புடன் தாம் கடுமையாக முரண்படுவதாகவும், ஆனாலும் அதை ஏற்பதாகவும் கூறினார். புதிய அதிபரின் பின்னால் ஒன்றுபட்டு நிற்குமாறு தம் ஆதரவாளர்களை வேண்டினார். முரண்பாடு, ஏற்றல் ஆகிய இரண்டையும் அவர் மறைக்கவில்லை. ஒன்றை மற்றொன்றால் அழிக்கவும் இல்லை. தேர்தல் நாளிலிருந்து 36 நாட்கள் அவர் தம் கருத்துக்காகப் போராடினார். போராடுவதற்கான முறையான வாயில்கள் யாவும் அடைபட்டதும், தம் சொல்லைக் காத்தார். ஏற்றல் என்பது முதல் நாளிலேயே தலைகுனிவது என்று எண்ண வேண்டியதில்லை என்பதையும் இதிலிருந்து நாம் கற்கிறோம்.

எண்களைப் படித்தவரும் ஏற்றவரும்

அமெரிக்க வழக்கத்தில் விந்தையான ஒரு கடமை உண்டு. தேர்வாளர் வாக்குகளை எண்ணும் நாடாளுமன்றக் கூட்டத்திற்குத் துணை அதிபரே தலைமை தாங்குவார். துணை அதிபராக இருப்பவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றிருந்தால், தம் தோல்வியைத் தாமே அறிவிக்க வேண்டியிருக்கும்.

கோருக்கு அது நேர்ந்தது. 2001 ஜனவரி 6 அன்று, அவரது கட்சியைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஃபுளோரிடா வாக்குகளை ஏற்கக் கூடாது என்றார்கள். அன்றைய சட்டப்படி, ஆட்சேபத்தில் செனட் உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும். எவரும் கையொப்பமிடவில்லை. தமக்காகப் பேசியவர்களின் ஆட்சேபங்களைக் கோரே ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்து, புஷ் பெற்ற 271 வாக்குகளையும் தாம் பெற்ற 266 வாக்குகளையும் அறிவித்தார்.

அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1961 ஜனவரியில், ரிச்சர்ட் நிக்சன் தம்மை வென்ற ஜான் கென்னடியின் வெற்றியை அறிவித்தார். ஹவாய் மாநிலத்திலிருந்து முரண்பட்ட சான்றிதழ்கள் வந்திருந்தன. முதல் எண்ணிக்கை நிக்சனுக்கும், மறுஎண்ணிக்கை கென்னடிக்கும் வெற்றி தந்திருந்தன. அந்த மூன்று வாக்குகளைக் கென்னடியின் கணக்கில் சேர்க்கலாம் என்று நிக்சனே முன்மொழிந்தார். 2025 ஜனவரி 6 அன்று கமலா ஹாரிஸும் இதே இடத்தில் நின்று தம் தோல்வியைப் படித்தார்.

ஆனால் எண்களைப் படிப்பது மட்டும் ஏற்றல் ஆகிவிடாது. 1860-ஆம் ஆண்டுத் தேர்தல் இதற்குச் சான்று. அதில் ஆபிரகாம் லிங்கனை எதிர்த்து மூவர் நின்றனர். அவர்களுள் ஒருவரான ஜான் பிரெக்கின்ரிட்ஜ் அப்போதைய துணை அதிபர். 1861 பிப்ரவரி 13 அன்று வாக்குகளை முறைப்படி எண்ணி, லிங்கன் வென்றார் என்று அவரே அறிவித்தார். அதற்குள் தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட்டை விட்டுப் பிரியத் தொடங்கியிருந்தன. லிங்கன் பதவியே ஏற்கவில்லை. அவர்களுக்கு எதிராக ஒரு செயலும் செய்யவில்லை. தங்களுக்கு வேண்டாதவர் வென்றார் என்பதும், அடிமைமுறை பரவாமல் அவர் தடுப்பார் என்ற அச்சமுமே பிரிவினைக்குப் போதுமான காரணங்களாயின. அந்த ஆண்டு முடிவதற்குள், வெற்றியை அறிவித்த அதே பிரெக்கின்ரிட்ஜ் பிரிவினைப் படையில் தளபதியானார்.

லிங்கனை எதிர்த்த மற்றொருவர் ஸ்டீபன் டக்ளஸ். இருவரும் இல்லினாய் மாநிலத்தவர்கள். 1858-இல் ஏழு ஊர்களில் நடந்த வாதங்களில் நேருக்கு நேர் மோதியவர்கள். அடிமைமுறை குறித்த டக்ளஸின் கருத்துகளை இன்று எவரும் போற்ற இயலாது. ஆயினும் தாம் தோற்கப்போவது உறுதி என்று தெரிந்ததும், வாக்கு சேகரிப்பதை விட்டுவிட்டு அவர் தென்மாநிலங்களுக்குச் சென்றார். முடிவு எதுவாயினும் நாட்டை உடைக்காதீர்கள் என்று பகைமை நிறைந்த கூட்டங்களில் பேசினார். 1861 ஏப்ரலில் போர் மூண்டதும் லிங்கனை நேரில் சந்தித்துத் துணை நின்றார். சொந்த மாநிலம் திரும்பித் தம் கட்சியினரை அரசின் பக்கம் திரட்டினார். ஜூன் 3 அன்று, 48-ஆம் வயதில், சிகாகோவில் காலமானார்.

ஒருவர் எண்களைப் படித்தார். மற்றவர் முடிவை ஏற்றார். தோற்ற தரப்பினர் முடிவை ஏற்காததன் விலையாக, அப்போரில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. வாக்குச்சீட்டால் தோற்றவர்கள் துப்பாக்கியிடம் முறையிட முடியாது. அடுத்த தேர்தலில் மீண்டும் வாக்குச்சீட்டிடமே முறையிட வேண்டும் என்ற கருத்தை லிங்கன் அப்போது நாடாளுமன்றத்துக்கு எழுதினார்.

வென்றவர் தவறு செய்தால்?

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. வென்றவர் உண்மையிலேயே அநீதி இழைக்கப் போகிறார் என்றால், சொல்லைக் காப்பது என்ற பெயரில் அந்த அநீதிக்கு நாம் துணைபோக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒருவரது பதவியை ஏற்பது வேறு. அவரது ஆணைகள் அனைத்தையும் நியாயம் என்று ஏற்பது வேறு. ஹென்றி டேவிட் தோரோ இந்த வேறுபாட்டை வாழ்ந்து காட்டினார். அடிமைமுறையைக் காக்கும், மெக்சிகோ மீது போர் தொடுக்கும் அரசுக்குத் துணைபோக மனமின்றி, அவர் வரி செலுத்த மறுத்தார். 1846-இல் ஓர் இரவைச் சிறையில் கழித்தார். அப்போதைய அதிபர் போல்க் தேர்ந்தெடுக்கப்படவே இல்லை என்று அவர் கூறவில்லை. வாக்குகளைப் பொய் என்று சொல்லாமல், அரசின் செயலை அநீதி என்றார்; மறுப்புக்குரிய தண்டனையையும் ஏற்றார். அவரது கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தியடிகள், தம் சத்தியாக்கிரகப் பாதைக்கு அதில் ஆதரவு கண்டார்.

எதிர்ப்பு முடிவின் மீதன்று, செயலின் மீது என்று பிரித்துக்கொண்டால், தோற்றவருக்குப் பணிகள் நிறைய உண்டு. பேசலாம், எழுதலாம், ஊர்வலம் போகலாம், வழக்குத் தொடரலாம், அநீதியான ஆணைக்குப் பணிய மறுத்துத் தண்டனை ஏற்கலாம். செய்யக்கூடாதது ஒன்றே: எண்ணப்பட்டதை எண்ணப்படவில்லை என்று கூறுவது.

ஐயம் தீரும் இடம்

எண்ணிக்கையிலேயே மோசடி நடந்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானதே. ஐயப்படும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் ஐயத்திற்குச் சான்று வேண்டும். அதை எடைபோடும் இடத்தின் விடையைக் கேட்கும் பொறுமையும் வேண்டும்.

1969 ஆகஸ்டில் நம் நாட்டில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலை நினைவுகூரலாம். வாக்களிக்கும் உரிமை பெற்றவர்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களே என்றாலும், நாடே இரு அணிகளாகப் பிரிந்து அதைக் கவனித்தது. முதல் விருப்ப வாக்குகளில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. இரண்டாம் விருப்ப வாக்குகளையும் சேர்த்து எண்ணியபோது வி.வி. கிரி 4,20,077 வாக்கு மதிப்பும், நீலம் சஞ்சீவ ரெட்டி 4,05,427 வாக்கு மதிப்பும் பெற்றனர். முடிவை எதிர்த்து உச்சநீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே நீதிமன்றத்துக்கு வந்து சாட்சியம் அளித்தார். 1970-இல் மனுக்கள் தள்ளுபடி ஆயின. வழக்கு அத்துடன் முடிந்தது. அனந்தப்பூருக்குத் திரும்பி வேளாண்மையில் ஈடுபட்ட சஞ்சீவ ரெட்டி, 1977-இல் போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.

2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. டிரம்ப் தரப்பினர் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடர்ந்தனர். அது அவர்களது உரிமை. ஏறக்குறைய அவை அனைத்தும் தோற்றன. டிரம்ப் நியமித்த நீதிபதிகள் சிலரும் அவற்றை ஏற்கவில்லை. ஆனால் நீதிமன்றங்களின் விடையுடன் விவகாரம் முடியவில்லை. 2021 ஜனவரி 6 அன்று ஒரு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்தினுள் புகுந்து, எண்ணும் பணியைத் தடுத்தது. வாக்குகளை நிராகரிக்குமாறு தமக்கு அளிக்கப்பட்ட நெருக்கடிக்கு இணங்காத துணை அதிபர் மைக் பென்ஸ், கட்டடம் மீட்கப்பட்ட பின் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தி, மறுநாள் விடியுமுன் ஜோ பைடனின் வெற்றியையும் தம் தோல்வியையும் அறிவித்தார்.

இதை ஒரு கட்சியின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. 2016-இல் ஹிலாரி கிளிண்டன் மறுநாளே தோல்வியை ஏற்றார். ஆயினும் டிரம்ப் எங்கள் அதிபர் அல்லர் என்ற முழக்கத்துடன் பல நகரங்களில் அவரது ஆதரவாளர்கள் திரண்டார்கள். சொல்லுக்கும் வன்முறைக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு; இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் மனநிலை, எந்தத் தரப்பினர் தோற்றாலும் அவர்கள் நெஞ்சில் தலைதூக்கக் கூடியது. அதை அங்கேயே அடையாளம் காண்பது நல்லது.

மனத்தின் வேலை

அப்படி அடையாளம் கண்டபின் அந்த மனநிலையை எவ்வாறு கையாள்வது?

ஏற்றல் உடனே இனிமையாக அமையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1800-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜான் ஆடம்ஸ், தம் நெடுநாள் நண்பரும் அப்போது அரசியல் எதிரியுமான தாமஸ் ஜெஃபர்சனிடம் தோற்றார். 1801 மார்ச் 4 அன்று ஜெஃபர்சன் பதவியேற்பதைக் காண அவர் காத்திருக்கவில்லை. விடியுமுன்னரே தலைநகரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். மனத்தில் கசப்பு இருந்தது. ஆனால் பதவியை ஒப்படைக்க அவர் மறுக்கவில்லை. ஒரு கட்சியிடமிருந்து மறு கட்சிக்கு ஆட்சி அமைதியாக மாறியது அந்நாட்டில் அதுவே முதல் முறை. பல ஆண்டுகள் பேசாதிருந்த இருவரும் 1812-இல் மீண்டும் கடிதம் எழுதத் தொடங்கினர். 1826 ஜூலை 4 அன்று, ஒரே நாளில், காலமாயினர். கடமையை முதலில் செய்தார் ஆடம்ஸ். அன்பு பின்னர் வந்தது. மனம் தெளிந்த பிறகுதான் ஏற்பேன் என்று காத்திருந்தால், ஒருவேளை தெளிவு வராமலே போகலாம்.

ஆகவே தோற்றவர் செய்யத்தக்கவை எளியவை, ஆனால் கடினமானவை. வென்றவரை அவருக்குரிய பதவிப் பெயரால் குறிப்பிடுவது. எண்ணிக்கை பற்றித் தமக்கே சான்று இல்லாத ஒன்றைப் பிறரிடம் சொல்லாதிருப்பது. எதிர்த்தரப்புக்கு வாக்களித்த உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேச்சை நிறுத்தாதிருப்பது. அவர் ஏன் அப்படி வாக்களித்தார் என்று வாதிடாமல் கேட்பது. வென்றவர் நல்லது செய்தால் அதை நல்லது என்று சொல்வது. தவறு செய்தால் அஞ்சாமல் கண்டிப்பது. அவர் தோற்க வேண்டும் என்பதற்காக நாடு துன்புற வேண்டும் என்று மனத்தின் ஆழத்தில் ஓர் ஆசை முளைத்தால், அதை உடனே களைவது. இவற்றுள் கடைசியானது வேறு யாருக்கும் தெரியாமல் தனிமையில் செய்ய வேண்டிய பணி.

வென்ற தரப்புக்கும் பங்கு உண்டு. அடுத்த தேர்தலில் தோற்றவர்கள் மீண்டும் நின்று வெல்லக்கூடிய வாய்ப்பை எவரும் பறித்துவிடக் கூடாது. மறுமுறை கேட்கும் வாயில் திறந்திருப்பதால்தான், இம்முறை ‘சரி’ என்று சொல்வது நியாயமாகிறது. அந்த வாயிலை அடைப்பவர், தமக்குத் தரப்பட்ட சொல்லின் அடித்தளத்தைத் தாமே தகர்க்கிறார்.

வாக்குகளை அதிகாரிகள் எண்ணுகிறார்கள். ஐயங்களை நீதிமன்றங்கள் தீர்க்கின்றன. ஆனால் ஒரு தேர்தலை நிறைவு செய்பவர்கள் தோற்ற தரப்பின் சாதாரணக் குடிமக்களே. ‘நான் விரும்பியவர் இவர் அல்லர், ஆயினும் நான் ஒப்புக்கொண்ட முறையில் வந்தவர் இவர்’ என்று அவர்கள் சொல்லும்போதுதான் ஒரு நாடு, கருத்தால் பிரிந்தும் வாழ்வால் ஒன்றாக இருக்க முடிகிறது. அப்படிச் சொல்லிய பின், அடுத்த தேர்தலுக்கான வேலையை அவர்கள் மறுநாள் காலையிலேயே தொடங்கலாம்.